கிணறு சொல்லும் சரித்திரம்

மாலை நேரம். கூடத்தில் பையன் உரக்கப் பாடம் படிக்கிறான். 1974-ல் இமயமலைச் சாரலில் மரம் வெட்ட வந்தவர்களை ரேணி கிராமத்துப் பெண்கள் மறித்து நின்ற கதை. 1984-ல் போபாலில் நள்ளிரவில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட கோரம். எல்லாம் மனப்பாடம்! “சரியப்பா, நம் திண்டுக்கல்லில் என்ன நடந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பான்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதே ஆண்டில் அதே கோர்ட்டுக்கு வேலூர் மக்கள் ஒரு வழக்குக் கொண்டு போனார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது என்பதே முறையீடு. அதில் நம் திண்டுக்கல்லும் சேர்ந்திருந்தது.

1996 ஆகஸ்டு 28-ல் வந்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எண்ணிப் பார்த்தார்களாம். மொத்தம் 467 கிணறுகள்; அவற்றில் 350 பாழ்! நாலுக்கு மூன்று! பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடந்தார்கள் என்றும் அதிலே எழுதியிருக்கிறது. இடுப்பில் குடம் சுமந்தவர்களுக்கு இது புதிய செய்தியா, என்ன?

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். ரசாயனங்களோ சுமார் 170 வகை. அத்தனையும் கலந்த நீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட்டால் மண் என்னதான் செய்யும்?

அதற்காகத் தோல் தொழிலே கூடாது என்று கோர்ட் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. கழிவைச் சுத்திகரித்து வெளியே விடு. கெடுத்தவன் எவனோ அவனே நஷ்டத்தை ஈடுசெய் என்றது. இன்று நாடெங்கும் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு இது. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இதைச் சொல்லிக் கொடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர்க் கிணறுகளைப் பார்த்து வரட்டும். எந்தக் கிணறு, எந்த வருஷம் கெட்டது, அதற்கு முன் அங்கே என்ன பயிர் விளைந்தது என்று பாட்டிமாரைக் கேட்டு நோட்டில் குறிக்கட்டும். தோல் வேலை செய்த தாத்தாவிடமும் கேட்கட்டும். இரண்டு பக்கமும் கேட்டால்தானே சரித்திரம்!

தாய்மார்களே, இந்தப் பாடத்தில் நீங்களும் வாத்தியார்தான். துவரம்பருப்பு வேகாத தண்ணீர் எது, சோப்பு நுரைக்காத தண்ணீர் எது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? இன்று இரவு சோறு போடும்போதே ஆரம்பித்துவிடுங்கள். போபாலும் இமயமலையும் அப்புறம் தானாகவே புரியும்.