கொடியும் பூவும் ரயிலும்: தபால்தலைக்குள் இத்தனை கதையா, தெரியுமா?

சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை நமக்குள் எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்காக வந்ததல்ல, தெரியுமா? 1947 நவம்பர் 21-ல் வெளியான அந்த மூன்றரை அணா ஸ்டாம்பில் மூவர்ணக் கொடி, கூடவே ‘ஜெய் ஹிந்த்’. அது வெளிநாட்டுக் கடிதங்களுக்கானது! உள்நாட்டுக்கான ஒன்றரை அணா அசோகச் சிங்கம் டிசம்பர் 15-ல்தான் வந்தது. ஆக, நம் கொடி உள்ளூர் உறையில் ஏறுமுன்பே கடல் கடந்துவிட்டது.

கொடி ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் அவசியம் தேட வேண்டிய வரிசை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943, 44-ல், எதிரிப் படைகள் பிடித்துவைத்திருந்த 13 நாடுகளின் கொடிகளை அமெரிக்கா தன் ஸ்டாம்பில் அச்சிட்டது. போலந்து, நார்வே, கிரீஸ், டென்மார்க், கடைசியாகக் கொரியா! சொந்த மண்ணில் ஏற்ற முடியாத கொடி, அமெரிக்கக் கடிதத்தில் ஐந்து சென்ட்டுக்கு ஊர் ஊராகப் போனது. இத்தனை வண்ணம் அச்சிட அரசு அச்சகத்தில் வசதி இல்லாததால் வேலை ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. ஷீட்டின் ஓரத்தில் வழக்கமான தட்டு எண்ணுக்குப் பதில் அந்தந்த நாட்டின் பெயர்! ஓரத்தாளைக் கிழித்தெறியாமல் ஸ்டாம்போடு வைத்திருப்பவர் பாக்கியசாலி. கொரியாவின் பெயரில் ஒரு எழுத்து சிதைந்து ‘கோர்ப்பா’ என்று படிக்கும்படி அமைந்த பிழைக்கு இன்றும் தனி மவுசு.

அதே அமெரிக்கா 1976-ல் ஐம்பது மாநிலக் கொடிகளையும் ஒரே ஷீட்டில் கொண்டுவந்தது. எந்த மாநிலம் எப்போது ஒன்றியத்தில் சேர்ந்ததோ அந்த வரிசையில்! 1982-ல் இன்னும் அழகான ஒன்று: ஐம்பது மாநிலங்களின் பறவையும் பூவும். பறவைகளை வரைந்தவர் ஆர்தர் சிங்கர். பூக்களை வரைந்தவர் அவருடைய மகன் ஆலன்! ஒவ்வொரு ஸ்டாம்பிலும் அப்பாவின் தூரிகையும் பிள்ளையின் தூரிகையும் ஒன்றாக நிற்கின்றன. ஐம்பதையும் முழு ஷீட்டாக வாங்குங்கள். தனித்தனியாகப் பிரித்தால் அந்தக் குடும்ப வேலையின் அழகு பாதி போய்விடும்.

ஜப்பான் 1990-ல் தன் 47 மாகாணங்களுக்கும் ஆளுக்கொரு பூ ஸ்டாம்ப் வெளியிட்டது. நம்மிடம்? 1977-ல் தாமரை, ரோடோடெண்ட்ரான், கடம்பு ஆகியவற்றோடு இரண்டு ரூபாய் ஸ்டாம்பில் வந்த நாலாவது பூ எது என்று நினைக்கிறீர்கள்? நம் மாநில மலரான செங்காந்தள்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கோ, 2006-ல் அது பூத்த ஆண்டிலேயே ஸ்டாம்ப் வந்தது.

பூவைப் பார்த்தால் போதுமா, முகர வேண்டாமா? 2006 டிசம்பரில் சந்தன மணத்தோடு, 2007-ல் ரோஜா மணத்தோடு, 2008-ல் மல்லிகை மணத்தோடு இந்திய ஸ்டாம்புகள் வந்தன. பூட்டான் 1973-லேயே ரோஜா வாசனை ஸ்டாம்பை வெளியிட்டுவிட்டது! ஒட்டிய கடிதத்தில் இவை கிடைத்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறைத்தாளோடு சேர்த்து வெட்டி, தனி உறையில் வையுங்கள்.

ரயிலுக்கு வருவோம். இங்கேதான் அரசியலே நடந்திருக்கிறது!

கனடாவின் பகுதியாகச் சேருமுன், நியூ பிரன்ஸ்விக் தனிக் குடியேற்றமாக இருந்த காலம். 1860-ல் அது வெளியிட்ட ஒரு சென்ட் ஸ்டாம்பில் நீராவி எஞ்சின். ஸ்டாம்பில் ரயில் ஏறியது அப்போதுதான். அதே வரிசையின் ஐந்து சென்ட்டில் ராணியின் படம் இருக்க வேண்டிய இடத்தில் தபால்துறைத் தலைவர் சார்லஸ் கானல் தன் படத்தையே போட்டுக்கொண்டார்! பெரும் கொந்தளிப்பு. அவர் பதவி விலக, ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை நெருப்புக்குப் போயின. தப்பிய சில இன்று பொக்கிஷம்.

1871-ல் பெரு நாட்டின் ஸ்டாம்பில் லிமா–கயாவோ ரயிலின் இருபதாம் ஆண்டு. ஒரு நிகழ்வை நினைவுகூர வந்த உலகின் முதல் ஸ்டாம்ப் இதுதான் என்பார்கள் பல சேகரிப்பாளர்கள்.

மோமோடோம்போ கதைக்கு ஈடு எதுவும் இல்லை! 1900-ல் நிகரகுவா வெளியிட்ட ஸ்டாம்பில் முன்னால் ரயில் தண்டவாளம் போட்ட படகுத்துறை, பின்னால் புகை கக்கும் மோமோடோம்போ எரிமலை. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கால்வாயை நிகரகுவாவில் வெட்டுவதா, பனாமாவிலா என்று அமெரிக்க செனட் 1902-ல் விவாதித்துக்கொண்டிருந்தது. அந்த மே மாதம்தான் மார்டினிக் தீவில் எரிமலை வெடித்து ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். பனாமாவுக்காக வாதாடிய பிரெஞ்சுப் பொறியாளர் பியூனோ-வரியா வாஷிங்டன் ஸ்டாம்ப் கடைகளைச் சல்லடை போட்டு 90 ஸ்டாம்புகளைத் தேடிப் பிடித்தார். செனட்டர் ஒருவருக்கு ஒன்று வீதம் அனுப்பினார். ‘நீங்கள் கால்வாய் வெட்டப்போகும் நாட்டை அந்நாட்டு ஸ்டாம்பிலேயே பாருங்கள்’ என்பது போல! ஜூனில் வாக்கெடுப்பு: பனாமாவுக்கு 42, எதிராக 34. அந்த ஒரு சென்டாவோ ஸ்டாம்பை ஆல்பத்தில் வைத்திருப்பவர் ஒரு கண்டத்தின் வரைபடத்தையே கையில் வைத்திருக்கிறார்.

நம் ஊர் ஸ்டாம்பிலும் பார்த்து மலைக்க ஒரு வரிசை உண்டு. 1937-ல் வந்த ஆறாம் ஜார்ஜ் வரிசையில் கடிதம் போகும் வழியெல்லாம் படமாக ஓடுகிறது. இரண்டணாவில் பை சுமந்து ஓடும் தபால் ஓட்டக்காரர், அடுத்தடுத்து மாட்டுவண்டி, குதிரை வண்டி, ஒட்டகம், நாலணாவில் தபால் ரயில், பிறகு கப்பல், லாரி, பன்னிரண்டணாவில் விமானம்! விலை ஏற ஏற வாகனமும் மாறுகிறது.

1993-ல் வந்த மலை ரயில் எஞ்சின்கள் நான்கு: மாத்தேரான், டார்ஜிலிங், கால்கா–சிம்லா, நம் நீலகிரி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் அதே எக்ஸ் வகை எஞ்சின்! யுனெஸ்கோ இவற்றில் மூன்றை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது அதற்குப் பின்புதான்: 1999, 2005, 2008.

ரயில் நிறுவனமே ஸ்டாம்ப் வெளியிட முடியும் என்பது தெரியுமா? பிரிட்டனில் 1891-ல் தபால்துறையும் ரயில் கம்பெனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவசரக் கடிதத்தை நேராக ஸ்டேஷனில் கொடுக்க முடிந்தது. சாதாரண ஸ்டாம்புக்குப் பக்கத்தில் ரயில் கட்டணத்துக்கென்று இன்னொரு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தது. வேல்ஸில் தன்னார்வலர்கள் 1951-ல் மீட்டெடுத்த ‘டாலிலின்’ என்ற குட்டி ரயில் 1957 முதல் சொந்த ஸ்டாம்ப் வெளியிட்டது. சேர்ப்பதானால் இரண்டு ஸ்டாம்பும் முத்திரையும் பதிந்த முழு உறையாகவே தேடுங்கள். தனியே பிரித்தெடுத்தால் அந்தக் கடிதம் ரயிலேறிய தடம் போய்விடும்.