புள்ளியைத் தேடிய ஓவியர்

ஓவியம் என்றால் அதில் மரமோ, மனிதரோ, மாளிகையோ தெரிய வேண்டும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகிறோம். காணும் பொருள் எதையும் அப்படியே காட்டாமல், வண்ணத்தையும் கோட்டையும் வடிவத்தையும் மட்டுமே கொண்டு மனத்தோடு பேசுவது அருவ ஓவியம். இத்துறையில் உலகப் புகழ் பெற்ற இந்தியர் சையது ஹைதர் ரஸா. அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தவர் இவர். அயல்நாடு செல்லும் கலைஞன் தன் மண்ணை இழந்து விடுகிறானா, அல்லது அங்கிருந்துதான் அதைக் கண்டு கொள்கிறானா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் இவருடைய வாழ்வை ஊன்றி நோக்குதல் நலம்.

காடும் கலைக்கூடமும்

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்திலுள்ள பபாரியா என்னும் சிற்றூரில் 1922ஆம் ஆண்டு ரஸா பிறந்தார். தந்தை வனத்துறை அலுவலர். எனவே அடர்ந்த காடும், அதன் கும்மிருட்டும், விடியலில் பிறக்கும் ஒளியும் இளமையிலேயே அவர் நெஞ்சில் பதிந்தன. பள்ளியில் அவர் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதைக் கண்ட ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை வரைந்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். அந்தப் புள்ளி பின்னாளில் என்னவாயிற்று என்பதைப் பிறகு காண்போம்.

நாகபுரியிலும், பின்னர் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பயின்ற ரஸா, 1947இல் சூசா, ஹுசைன், ஆரா முதலியோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர். இவரோ இந்தியாவிலேயே தங்கினார். 1948இல் காஷ்மீர் சென்றபோது, புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரசோன் இவருடைய ஓவியங்களைக் கண்டார். திறமை உண்டு, ஆனால் கட்டமைப்பு இல்லை. செசானின் ஓவியங்களைப் பயிலுங்கள் என்பதே அவர் கூறிய அறிவுரை. அது இளைஞர் உள்ளத்தில் தைத்தது. பிரெஞ்சு மொழி கற்றார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்றார். 1950இல் பாரிஸ் சேர்ந்தார்.

பாரிஸ் தந்த பயிற்சி

அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்றார். ஒரு வீட்டைக் கல்மேல் கல்லடுக்கிக் கட்டுவது போல, ஓவியத்தையும் வண்ணத்தின்மேல் வண்ணம் வைத்துக் கட்ட வேண்டும் என்பதே அவர் கற்ற பாடம். 1956இல் பிரெஞ்சுக் கலை விமரிசகர்களின் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. 1959இல் ஜானின் மோங்கில்லா என்னும் பிரெஞ்சு ஓவியரை மணந்தார்.

1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கு வருகைதரு விரிவுரையாளராகச் சென்றார். மார்க் ராத்கோ முதலிய அமெரிக்க அருவ ஓவியர்களின் படைப்புகள் அவருக்குப் புதுவழி காட்டின. மெல்லக் காயும் எண்ணெய் வண்ணத்தை விட்டு, விரைந்து காயும் அக்ரிலிக் வண்ணத்திற்கு மாறினார். தூரிகை விடுதலை பெற்றது. வீடுகளும் கோபுரங்களும் கித்தானிலிருந்து கரைந்து மறைய, வண்ணமே காட்சியாயிற்று.

புகழின் நடுவே ஒரு கேள்வி

பரிசும் புகழும் வந்துவிட்டன. ஆயினும் எழுபதுகளில் ரஸாவின் மனம் அமைதி கொள்ளவில்லை. தாம் வரைவது தேர்ந்த பிரெஞ்சு ஓவியம். அதில் தம் நாடு எங்கே என்று தம்மையே வினவினார். வென்ற வழியிலேயே நடப்பது எளிது. அவர் அதை விடுத்து, அஜந்தா, எல்லோரா, காசி, ராஜஸ்தான், குஜராத் என்று மீண்டும் மீண்டும் வந்து சுற்றினார்.

அப்போதுதான் பள்ளிச் சுவரின் புள்ளி அவர் நினைவில் உயிர்பெற்றது. அதற்கு ‘பிந்து’ என்று பெயரிட்டார். பெரிய கரிய வட்டம். அதைச் சூழ முக்கோணங்களும் சதுரங்களும். ஐம்பூதங்களை உணர்த்தும் வண்ணங்கள். அவருக்குப் பிந்து வெறும் வடிவம் அன்று. அது வித்து; இருளினின்று ஒளி பிறக்கும் இடம். 1981இல் வரைந்த ‘மா’ என்னும் ஓவியத்தில், திரும்பி வரும்போது எதைக் கொண்டு வருவேன் என்று மகன் தாயிடம் கேட்கும் இந்தி வரி ஒன்றைத் தீட்டினார். பாரிஸில் முப்பதாண்டு கழித்தவரின் ஏக்கம் அதில் ஒலிக்கிறது.

ஒரே புள்ளியையே திரும்பத் திரும்ப வரைந்தார் என்று குறை கூறுவோரும் உண்டு. பிற்கால ஓவியங்கள் சிலவற்றைக் காணும்போது இக்குறையை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. ரஸாவோ இதனை ஜபத்திற்கு ஒப்பிட்டார். ஒரே பெயரை ஆயிரம் முறை உச்சரிப்பவனை யாரும் சலிப்பூட்டுகிறான் என்று சொல்வதில்லை அல்லவா?

மண்ணுக்குத் திரும்பினார்

2002இல் மனைவி மறைந்தார். 2010ஆம் ஆண்டின் இறுதியில், தம் 88ஆம் வயதில், ரஸா தில்லிக்கே திரும்பி வந்து, தொடர்ந்து வரைந்தார். 2013இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2016 ஜூலை 23இல் மறைந்த அவர், தாம் விரும்பியவாறே மண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 2023இல் பாரிஸின் பாம்பிடு கலை மையம் அவருடைய ஓவியங்களின் பெருங் கண்காட்சியை நடத்தியது.

எப்படி வரைவது என்பதைப் பாரிஸ் கற்பித்தது. எதை வரைவது என்பதை ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சுவர் முன்னமே கற்பித்திருந்தது. முதற்பாடம் இரண்டாவதாக விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. மேற்படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடக்க விழையும் மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். செல்வதில் குறைவொன்றும் இல்லை. எதைச் சுமந்து செல்கிறோம் என்பதை மறவாதிருத்தலே வேண்டுவது.