உங்களுக்குத் தெரியுமா? சிவப்பணு சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு

நாம் உண்ணும் மீனும் எண்ணெயும் ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் தடம் பதிக்கின்றன. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தால் கடந்த சில மாத உணவுப் பழக்கம் தெரிந்துவிடும்; நேற்றைய விருந்து அதை அவ்வளவாக மாற்றாது.

முதலில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கரைசலால் கொழுப்பைப் பிரிப்பார்கள். ஃபோல்ச் குழுவினர் 1957இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. நீண்ட கொழுப்பு அமிலங்கள் எளிதில் ஆவியாவதில்லை. அதனால் அவற்றை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, கால் மில்லிமீட்டர் உள்விட்டமே கொண்ட நீண்ட குழாயில் வாயுவோடு செலுத்துகிறார்கள். சில குழாய்களின் நீளம் 100 மீட்டர்! ஒவ்வோர் அமிலமும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். இதுதான் வாயு குரோமட்டோகிராஃபி.

இதற்கு வழி திறந்தவர்கள் லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸும் மார்ட்டினும். 1952இல் அவர்கள் பிரித்துக் காட்டியவையும் கொழுப்பு அமிலங்களே. வெளிவந்த அமிலத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது தானாக இயங்கும் பியூரெட். எத்தனை அழகான யோசனை!

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சிவப்பணு மாதிரியை மைனஸ் 20 டிகிரியில் நெடுநாள் வைத்தால் ஒமேகா-3 அமிலங்கள் சிதைந்துவிடும். மைனஸ் 80 டிகிரிதான் பாதுகாப்பு.