தேத்தண்ணிக்கும் கணக்கு வேண்டும்

உரும்பிராயில் எந்த வீட்டுப் படியேறினாலும் "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார்கள். பிள்ளைத்தாச்சியாக இருக்கும் மருமகளுக்கும் வந்தவர்களோடு சேர்த்து ஒரு கோப்பை ஊற்றப்படும். விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு, இடையில் யாரும் வந்தால் இன்னொன்று. இதை ஒருவரும் எண்ணுவதில்லை.

சாயம் கூடிய ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். கோப்பியில் இன்னும் கூட. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. கரு கலைவதும் பிள்ளை நிறை குறைந்து பிறப்பதுமே அது அஞ்சும் ஆபத்துகள். பிரித்தானியச் சுகாதார சேவை 200ஐ எல்லையாக வைக்கிறது. மேலே சொன்ன ஐந்து கோப்பையே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

கஃபீன் நஞ்சுக்கொடி வழியாகத் தடையின்றிப் பிள்ளைக்குப் போகிறது. அதைச் சிதைக்கும் திறன் பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் வரவில்லை. பெரியவர்களின் உடலில் ஐந்து மணித்தியாலத்தில் பாதியாகும் கஃபீன், பிறந்த சிசுவின் உடலில் பாதியாக மூன்று நான்கு நாள் எடுக்கும். மிக அதிகம் குடித்த தாய்மாரின் சில பிள்ளைகளுக்கு முதல் நாட்களில் நடுக்கமும் ஓயாத அழுகையும் வரலாம். தேத்தண்ணியால்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டாதீர்கள். குருதியில் சீனி குறைந்தாலும் சிசு நடுங்கும். உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இரும்புச்சத்துக் குளிசை. கிளினிக்கில் இலவசமாகத் தரும் அதைப் பலர் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

கஃபீன் தேத்தண்ணியில் மட்டுமல்ல. கடைக் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கும். அது சீனியின் அளவை மட்டுமே சொல்லும். சீனியில்லாத கோலாவுக்குப் பச்சை கிடைத்தாலும் கஃபீன் உள்ளேதான் இருக்கும். 250 மில்லிலீற்றர் எனர்ஜி டிரிங்கில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் உண்டு. கர்ப்ப காலத்தில் அதைத் தொடாமலே விடலாம்.

முற்றாக நிறுத்தத் தேவையில்லை. திடீரென்று விட்டால் தலையிடிக்கும். ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள். மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் அவித்த தண்ணீரில் கஃபீன் இல்லை, கோப்பிக்கொட்டை சேர்த்து இடித்த தூளில் உண்டு.

குடும்பநல உத்தியோகத்தர் வீடுதேடி வருவதும் கிளினிக்கில் ஆலோசனை பெறுவதும் உங்கள் உரிமை, காசு கட்டத் தேவையில்லை. அவர் வரும் நாளில் எத்தனை கோப்பை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தேத்தண்ணி ஊற்றுகிற மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.