நன்னா விட்டுச் சென்ற இரண்டு பேரேடுகள்

நம் இல்லங்களில் பெரியவர் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால் அவரை நாம் எவ்வாறு நினைவுகூர்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று கத்தம் ஓதுகிறோம். ஊரார்க்குச் சோறு ஆக்கிப் போடுகிறோம். கடையின் பெயர்ப் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம். இவற்றில் எது கூடும், எது கூடாது என்ற விவாதத்துக்குள் நான் புகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. வியாபாரம் செய்து வாழ்ந்த ஒரு மனிதர் மறைந்த பின், அவர் தம் கைப்பட எழுதிய கணக்கேட்டை எடுத்து முழுமையாகப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்?

என் நன்னா, அதாவது என் உம்மாவின் தந்தை, பத்தமடையில் பாய் வியாபாரம் செய்தவர்கள். பத்தமடைப் பாயை நீங்கள் அறிவீர்கள். 1953-ல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அந்த ஊர்ப் பாய் அனுப்பப்பட்டதை ஊரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை ஊருக்கு வெளியே உள்ளவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடுகிற நீரில் பல நாள் ஊறவைத்து, பிறகு ஒவ்வொரு கோரையையும் மெல்லிய இழைகளாகக் கீற வேண்டும். பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, தரையில் அமர்ந்து, அந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து நெய்ய வேண்டும். சாதாரணப் பாய் விரைவில் முடிந்துவிடும். மணமக்களின் பெயரும் மணநாளும் நெய்யப்படும் கல்யாணப் பாய்க்கு வாரக் கணக்கில் ஆகும். துணியைப் போல் மடித்து வைக்கக்கூடிய மிக நேர்த்தியான பாய்க்கு அதனினும் கூடுதல் காலமும் கண்பார்வையும் செலவாகும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள்.

நன்னா செய்த வியாபாரம் இந்தப் பெண்களை நம்பியே நடந்தது. கோரையும் நூலும் சாயமும் வாங்கி வீடுவீடாகக் கொடுப்பார்கள். நெய்து முடிந்த பாய்களைப் பெற்றுக்கொண்டு கூலி கொடுப்பார்கள். பாய்களை மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்புவார்கள். 1951-ல் ஒரு திண்ணையில் தொடங்கிய கடை அது. 2003-ல் வஃபாத்தாகும் வரை, ஜும்ஆ நாள் நண்பகல் தவிர அந்தக் கடை பகலில் மூடிக் கிடந்ததை நான் பார்த்ததில்லை.

அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் விதமும் தனி. எங்களை மடியில் உட்காரவைத்து, கீறிய கோரை இழை ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல எத்தனை கோணல்னு சொல்லு" என்பார்கள். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். தவறாகச் சொன்னாலும் ஒரு கடலை மிட்டாய்தான். ஆனால் சற்று நேரம் கழித்துக் கிடைக்கும்.

கடையில் இரண்டு பேரேடுகள் இருந்தன. பெரியது, பிறர் நன்னாவுக்குத் தரவேண்டியவை எழுதியது. சின்னது, நன்னா பிறருக்குத் தரவேண்டியவை எழுதியது. பெரிய ஏட்டைக் கணக்கப்பிள்ளை எழுதினார். சின்ன ஏட்டை நன்னாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. கடனைத் தவணையோடு எழுதிவைக்குமாறும், அது சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பக் கூடாதென்றும் திருமறை (2:282) கட்டளையிடுவதை மதரஸாவில் மாணவியர்க்கு நான் விளக்கும்போது, உதாரணத்துக்கு அந்தச் சின்ன ஏட்டைத்தான் சொல்கிறேன். விருப்பப் பாடமாக வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள் நான். எத்தனையோ ஆவணங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவ்வளவு நேர்மையான ஓர் ஆவணத்தைப் பற்றிப் படித்ததாக நினைவில்லை.

அதன் முதல் பக்கத்தில் இருந்த கணக்கு எது தெரியுமா? என் நன்னிக்குத் தரவேண்டிய மஹர்! 1946-ல் நிக்காஹ் நடந்தபோது பேசப்பட்ட மஹர் 101 ரூபாய். அன்று அதைக் கொடுக்க மாப்பிள்ளையிடம் வசதியில்லை. கடை தொடங்கிய பின், இரண்டும் மூன்றும் ஐந்துமாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்டு, 1955-ல் தீர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கு நேரேயும் நன்னியின் கைநாட்டு. கடைசிச் சில வரிகளில் மட்டும் கைநாட்டுக்குப் பதிலாகக் கோணல்மாணலான கையெழுத்து. இடைப்பட்ட காலத்தில் நன்னிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்களும் நன்னாதான்.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸாவை எடுப்பதற்கு முன், மனைவியை அழைத்து வந்து, "மஹரை மாப்புச் செய்துவிடு" என்று கேட்பார்கள். கணவனின் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் பெண் அந்த நிலையில் வேறு என்னதான் சொல்வாள்? மனம் விரும்பி விட்டுக்கொடுப்பது அவளுடைய உரிமை. அப்படிப்பட்ட நேரத்தில் கூட்டத்தின் நடுவே வாங்கப்படும் வாய்ச்சொல்லை மனவிருப்பம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று நன்னியிடமும் முதிய பெண்கள் அப்படிக் கேட்டார்கள். நன்னி தலையை நிமிர்த்தி, "மாப்புச் செய்ய என்ன இருக்கு? அவங்க எனக்கு ஒத்தப் பைசா பாக்கி வைக்கல்லியே" என்றார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கு அழுகை பீறிட்டது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மாமா எழுந்து, மர்ஹூம் அவர்களிடமிருந்து யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் தம்மிடம் வந்து கேட்குமாறு அறிவித்தார்கள். இதுவும் வழக்கமே. ஆனால் இதன் வேர் ஆழமானது. தொடக்க காலத்தில், கடனை அடைக்க வழியின்றி மரணித்தவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒருவரின் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழுவித்ததையும் ஹதீஸ்களில் காண்கிறோம். அறிவிப்புச் செய்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நம்மில் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடன்காரர் ஆணாக இருந்தால் பள்ளிவாசலில் நின்று அதைக் கேட்டிருப்பார். வீட்டுக்குள் பாய் நெய்யும் பெண்ணுக்கு அந்த அறிவிப்பு எப்படிக் கேட்கும்?

நன்னி அதைத்தான் கேட்டார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டிய நிலையில், திரைக்குப் பின் அமர்ந்து, சின்ன ஏட்டை எனக்கு முன்னால் வைத்து, வரிவரியாகப் படிக்கச் சொன்னார்கள். கூலிப் பாக்கி, கோரைக்காரர் பாக்கி, நூல் கடைப் பாக்கி. நாற்பதாம் நாள் விருந்துக்குப் பெரிய பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. "மொதல்ல கூலிப் பாக்கி. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தா, பங்குக்காரங்க எல்லாரும் சம்மதிச்சா, சோறு ஆக்குங்க" என்று நன்னி சொல்லிவிட்டார்கள். விருந்து நடந்தது, ஆனால் இரண்டு மாமாக்களும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து சிறிய அளவில் செய்தார்கள்.

கடன் தீர்ந்த பின் வஸிய்யத். இங்கே நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்னாவுக்கு மூன்று ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். நடு மாமா 1996-ல், தந்தை உயிரோடிருக்கும்போதே மௌத்தாகிவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வேறு ஆண்மக்கள் உயிரோடிருக்கும் நிலையில், முன்னரே மரணித்த மகனின் பிள்ளைகள் பாட்டனாரின் சொத்தில் வாரிசாக மாட்டார்கள் என்பது மார்க்கச் சட்டம். இதைச் சுட்டிக்காட்டி, அநாதைகளைச் சட்டம் கைவிட்டுவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் கைவிடவில்லை, பாட்டனாரின் கையில் ஒரு வழியைக் கொடுத்திருக்கிறது. வாரிசு அல்லாதவர்க்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். எகிப்து நாடு 1946-ல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கான வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தான் 1961-ல், தந்தைக்குக் கிடைத்திருக்கவேண்டிய பங்கையே பிள்ளைகளுக்கு வழங்கிச் சட்டம் செய்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே இங்கே பாட்டனார் வாய் திறக்கவில்லையென்றால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

நன்னா வாய் திறந்திருந்தார்கள். நடு மாமா மௌத்தான அதே ஆண்டில், சொத்தில் ஆறில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகளுக்கு என்று இரண்டு சாட்சிகளை வைத்து எழுதி, சின்ன ஏட்டின் உறைக்குள் வைத்திருந்தார்கள்.

மீதியை எட்டுப் பங்காக்கினார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் மகன்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, மகள்கள் மூவருக்கும் ஒவ்வொன்று. கணக்கு இவ்வளவு எளிது. கணக்கு எளிதாக இருப்பதால் மனமும் எளிதாக இணங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்! மூத்த மாமா முப்பது ஆண்டுகள் அந்தக் கடையில் உழைத்தவர்கள். "தங்கச்சிமாருக்கு நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்? கடையையும் கூறு போட்டா நான் எங்கே போவேன்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியமாகக் கருதவில்லை. பிளாஸ்டிக் பாய்கள் வந்து கோரைப் பாயின் விற்பனையை ஏற்கெனவே பாதியாக்கியிருந்தன. எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான், சகோதரிகளை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உறவு கெடக் கூடாதென்று அவர்களும் போட்டுவிடுகிறார்கள்.

நன்னி சொன்ன பதில் இரண்டே வாக்கியம். "நகை, வாப்பா பிரியப்பட்டுக் கொடுத்தது. பங்கு, வாப்பாவாலயும் தடுக்க முடியாதது." பெரிய ஏட்டைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூத்த மாமாவின் உழைப்பு கணக்கில்லாமல் போகவில்லை. மாதச் சம்பளம் எழுதப்பட்டு, பற்றும் வைக்கப்பட்டிருந்தது. சம்பளமாகவோ கூட்டாகவோ எழுதிவைக்காமல், மகன் தானே என்று வேலை வாங்கிக்கொள்ளும் தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகளில் பாதி, இந்த எழுதாத கணக்கிலிருந்து பிறக்கிறது.

கடை மூடப்படவில்லை. இருப்பை எண்ணி விலை மதித்து, சகோதரிகளின் பங்கை மூன்று ஆண்டுத் தவணையில் மாமாக்கள் கொடுத்தார்கள். என் உம்மாவுக்குக் கடைசித் தவணை 2006-ல் வந்தது. நன்னி தம் பங்கைக் கடையிலேயே முதலாக விட்டு, லாபத்தில் பங்கு பெற்று வந்தார்கள். மூத்த மாமாவின் மனத்தாங்கல் முற்றிலும் நீங்க மேலும் சில பெருநாள்கள் ஆயின.

கதீஜா நாயகி (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின், ஆட்டை அறுத்தால் அவர்களுடைய தோழியரின் வீடுகளுக்கு இறைச்சியை அனுப்பிவைப்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. நன்னியும் ஹஜ்ஜுப் பெருநாள் தோறும், நன்னாவுக்குப் பாய் நெய்து கொடுத்த முதிய பெண்களின் வீடுகளுக்கு முதல் பங்கை அனுப்பினார்கள். கொண்டுபோய்க் கொடுத்தது நடு மாமாவின் பிள்ளைகள்.

சின்ன ஏட்டில் ஒரே ஒரு கணக்கு மட்டும் நெடுநாள் தீராமல் இருந்தது. 42 ரூபாய் கூலிப் பாக்கி. அந்தப் பெண்மணி ஊரை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஆளைக் காணாவிட்டால் அவர் பேரில் தர்மம் செய்துவிடலாம் என்று ஆலிம் ஒருவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தேடுங்கள் என்றார்கள் நன்னி. அவர் மௌத்தாகிவிட்டார் என்றும், ஒரே மகள் மேலப்பாளையத்தில் இருக்கிறார் என்றும் 2005-ல் தெரிய வந்தது. இளைய மாமாவே நேரில் சென்று கொடுத்தார்கள். தம் தாய் பாய் நெய்ததே அந்த மகளுக்குச் சரியாக நினைவில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு அந்த வரிக்கு நேரே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.