அரும்பு முதல் பன்னிரண்டு வரை

பொழுது விடிவதற்கு முன்பே ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. பின்னால் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் ஒரகடத்துக்கு வந்தன. ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்கிறார்கள். தண்ணீரைப் ‘பானி’ என்று கேட்கும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தை எப்படி அறிமுகம் செய்வது? அந்தக் குழந்தையின் ஆசிரியர் படித்த ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பெரிதாக இடம் இருந்ததில்லை.

ஆசிரியருக்கு அவர் நடத்தும் வகுப்புக்கேற்ற பயிற்சி வேண்டும். அது எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் ‘எண்ணும் எழுத்தும்’. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. இரண்டாம் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள் பிள்ளைகள். அந்த இழப்பை ஈடுகட்ட, 1 முதல் 3 வகுப்புகளுக்காக 2022 ஜூன் மாதம் தொடங்கிய இயக்கம் இது. அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் விரிந்தது.

வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று கண்டறியவும், பாட்டு, கதை, பொம்மை வழியாக ஒரே அறையில் மூன்று நிலையையும் நடத்தவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டார வள மையத்துக்கு என்று அது இறங்கி வருகிறது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்தும். அதனால்தான் ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பறைக்கே வந்து, கூட நின்று பாடம் நடத்திக் காட்டுவது அவசியமாகிறது. குறிப்பேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு அவர் வருகை முடிந்துவிடக் கூடாது.

ஆறாம் வகுப்புக்கு மேலே பிரச்சினை வேறு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவனுக்கு அறிவியல் ஆசிரியர் ஒளிச்சேர்க்கை நடத்த வேண்டியிருக்கிறது. பாடப்பொருளில் தேர்ந்தவர்தான், ஆனால் வாசிக்கக் கற்றுக்கொடுக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 6 முதல் 9 வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-ல் வந்த ‘திறன்’ திட்டம் இந்த இடைவெளியைத்தான் தொடுகிறது.

மேல்நிலையில் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆசிரியர் தோளில் வழிகாட்டி வேலையையும் ஏற்றியிருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அப்ரண்டிஸ், பொறியியல் என்று எது எங்கே கொண்டுபோய் விடும் என அவர் சொல்ல வேண்டும். பள்ளிக்கு எதிரிலேயே தொழிற்சாலை இருந்தும், அதற்குள் போய்ப் பார்க்காதவர் எப்படிச் சொல்வார்? இந்தப் பகுதி ஆசிரியர்களின் பயிற்சியில் ஒரு நாளையாவது தொழிற்சாலைக்குள் வைக்கலாம். காண்ட்ராக்ட் வேலைக்கும் நிரந்தர வேலைக்கும் உள்ள தூரத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கைவிட, யாருக்கு எந்தப் பயிற்சி என்பதே முக்கியம். இங்குள்ள தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்பவருக்கு அவர் நிற்கப்போகும் இடத்துக்கான வேலையைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் லைனில் நிறுத்துகிறார்கள். ‘பானி’ என்று கேட்கும் குழந்தையின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். அந்தக் குழந்தை ‘தண்ணீர்’ என்று தானே எழுதும் நாள் அதைப் பொறுத்தே இருக்கிறது.