வால்வு ரேடியோ வைத்தியம் – 9: காகிதம் போகட்டும், காக்காப்பொன் இருக்கட்டும்

போன வாரம் சேசிஸைத் தூசு தட்டி, சீரிஸ் போர்டில் பல்பு மாட்டியதோடு நிறுத்தினோம். காகிதக் கண்டன்சர், எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இரண்டையும் இந்த வாரமே மாற்றி முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் மைக்கா வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

மேசையில் இருப்பது மோகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வந்த பிலிப்ஸ் செட். ஓட்டு வீட்டுப் பரணில் எத்தனையோ சித்திரை வெயிலைத் தாங்கியது. புரட்டிப் போட்டால் காகிதக் கண்டன்சர்களிலிருந்து மெழுகு கசிந்து, பக்கத்து ஒயரில் சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கிறது. அலுமினியத் தகடு, நடுவில் மெழுகில் ஊறிய காகிதம், சேர்த்துச் சுருட்டிக் குழலில் அடைத்தது: அவ்வளவுதான் அந்தக் கண்டன்சர். மெழுகு விலகிய இடத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும்.

இருப்பதிலேயே ஆபத்தானது, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் 0.01 மைக்ரோபாரட் கண்டன்சர். முந்தைய வால்வின் ஆனோடில் சுமார் 100 வோல்ட் இருக்கும். அதைத் தடுத்து நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் உள்ளே விடுவதுதான் இதன் வேலை. கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று வையுங்கள். கண்டன்சரின் இன்சுலேஷன் 100 மெகா ஓமாக இறங்கினாலே கிரிட்டில் 1 வோல்ட் ஏறிவிடும். 10 மெகா ஓமானால் 9 வோல்ட். இஎல்84 வால்வில் கிரிட், கேத்தோடைவிட 7 வோல்ட் போலத் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்வு குறையக் குறைய வால்வு கரண்டை வாரி இழுக்கும், சிவந்து காயும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகும். வால்வு இன்றும் தேடினால் கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது?

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இந்தக் கசிவைக் காட்டாது. அதில் இருப்பது சின்ன பேட்டரி. கசிவோ நூறு வோல்ட்டில்தான் தலைகாட்டும். செட்டை ஓடவிட்டு, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். பாசிட்டிவ் காட்டினால், செட்டை அணைத்து, கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். பாசிட்டிவ் போய்விட்டால் கண்டன்சர் குற்றவாளி; போகவில்லை என்றால் வால்வு. எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கி, பில்டர் கண்டன்சரில் மீதமிருக்கும் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிடுங்கள். அணைத்த செட்டிலும் 250 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

மாற்றுவதற்கு 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழையதில் 10,000 பிஎஃப் என்றிருப்பது புதியதில் 103 என்றிருக்கும். மெயின் லைனுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சர் இருந்தால் அதற்கு எக்ஸ்2 வகைதான். லைனிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய குழலைச் சூடாக்கி, உள்ளிருப்பதைத் தள்ளிவிட்டு, புதியதை அதற்குள் வைத்து மெழுகால் மூடினால் அடிப்பக்கம் அன்றைய அழகோடு இருக்கும். கூடுதல் வேலைதான். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காகிதத்தை எல்லாம் கழற்றிய பிறகு, டியூனிங் பக்கம் சப்பையான கண்டன்சர்கள் சில மிஞ்சின. ஒவ்வொன்றாக அளந்தேன். போட்ட எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒட்டி நின்றன. அவை மைக்கா, அதாவது நம் காக்காப்பொன். காவிரி மணலில் மினுங்குகிறதே, அந்தக் குடும்பம். ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். ஈரம் குடிக்காது, சூட்டுக்கு அசையாது. வால்வையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உள்ளே உலோகத் தகடுகளை மேலும் கீழும் பிடித்து நிறுத்தும் வில்லைகளும் மைக்காதான்.

அந்தக் காலத்தில் தகட்டு மைக்காவுக்கு உலகம் நம்பியிருந்தது இந்தியாவைத்தான். பீகாரின் கோடர்மா (இன்று ஜார்க்கண்ட்) ஒரு பக்கம்; அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூர் இன்னொரு பக்கம். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது விமான ரேடியோவுக்கும் மைக்கா இல்லாமல் முடியவில்லை. 1942இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்திய மைக்காவை வாங்கவென்றே கூட்டுக் குழு அமைத்தன. ஏடுகளைக் கத்தியால் பிரித்துத் தரம் பார்த்தது நம் நாட்டுத் தொழிலாளர்களின் கை, பெண்களும் சிறுவர்களும் உட்பட. ஜெர்மன் செட், ஆலந்து செட் என்று பெருமையோடு வாங்கி வைத்தோம்; அவற்றின் வயிற்றுக்குள் இருந்ததில் நம் மண்ணும் உண்டு.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான். கோடர்மா பக்கத்து மைக்கா ஊர் ஜும்ரி திலையா. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியதும், நாடே ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பியது. அதன் இந்தி நிகழ்ச்சிக்குப் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டைகளைக் குவித்துப் பெயர் வாங்கிய ஊர் இந்த ஜும்ரி திலையா. மைக்கா வியாபாரிகளும் எழுதினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் அட்டைகள் ஓயவில்லை. இங்கே நாமக்கல்லில் ரேடியோ சிலோனின் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்காக முள்ளை நகர்த்தியவர்கள், ராகம் மாறாமல் அலைவரிசையைப் பிடித்து வைத்த பொருள் எந்த ஊர்ப் பாறை என்று நினைத்திருப்பார்களா? ரேடியோவுக்கு உறுப்பு கொடுத்த ஊரே ரேடியோவை அதிகம் நேசித்த ஊராகவும் இருந்திருக்கிறது.

ஆகவே மைக்காவை மாற்றாதீர்கள். சில அமெரிக்க செட்டுகளின் ஐஎஃப் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் மைக்காவில் மட்டும் மேலே பூசிய வெள்ளி ஊர்ந்து படபடவென்று சத்தம் வரும். அங்கே வேறு வழியில்லை. மற்றபடி, “எதற்கும் இருக்கட்டும்” என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போடும் மெக்கானிக்கிடம் செட்டைக் கொடுக்காதீர்கள்.

எலக்ட்ரோலிட்டிக் அடுத்த வாரம். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 50 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 100 போடுவது இஇசட்80 ரெக்டிபையர் வால்வை ஏன் கொல்கிறது என்று அதில் எழுதுகிறேன். அதுவரை, பரணிலிருந்து இறக்கிய செட்டை நேரே பிளக்கில் செருகிவிடாதீர்கள்.